சீட்டில்லாத மரம்

நவம்பர் கடைசி. ஜெபல் அலி.
வெளியே முப்பத்தொன்று, உள்ளே இரண்டு.
கிடங்கின் பிளாஸ்டிக் திரையை முதுகால் தள்ளித் தள்ளி
வலையில் சுருட்டிய மரங்களை இறக்குகிறோம்,
நனைந்த குடைகள் போல மடங்கியிருக்கின்றன.

கண்டெய்னரில் எங்கோ தண்ணீர் ஒழுகியிருக்கிறது.
அறுநூறு சீட்டுகளும் வெளுத்துவிட்டன.
மூலையில் மூன்று மட்டும் தப்பின, வகைக்கு ஒன்றாக.

ஷிஜுவுக்கு அழுகையே வந்துவிட்டது.
"நார்ட்மன் எண்ணூறு திர்ஹாம், ஃப்ரேசர் அறுநூறு,
ஸ்ப்ரூஸ் முந்நூறு. மாத்திக் குடுத்தா
முதலாளி என்னைத்தான் உச்சியில தொங்கவிடுவார்,
நட்சத்திரத்துக்குப் பதிலா."

நான் கையுறையைக் கழற்றினேன்.

விருதுநகர் நாட்டு மருந்துக் கடையில்
ஆறு வருஷம் பொட்டலம் மடித்தவன்.
தாளிசபத்திரி மூட்டையைக் கொட்டி
முறத்தில் பரப்பி
அதேபோல இருக்கும் இன்னொன்றைப்
பொறுக்கி எறிவது என் வேலை.
ஒன்று இருமலை நிறுத்தும்,
மற்றது நெஞ்சை நிறுத்தும் என்பார் முதலாளி.
காய்ந்தபின் இரண்டும் விளக்குமாற்றுத் துணுக்கு.
அந்த இலை நின்ற மரத்தை நான் நினைத்ததே இல்லை.
இங்கே பச்சையாக, ஏழடி உயரத்தில்
அதன் பங்காளிகள்.

தப்பிய மூன்றையும் தடவித் தடவிக் கற்றேன்.
ஊசியைக் கிள்ளி விரலிடையில் உருட்டு:
உருண்டால் ஸ்ப்ரூஸ், தீக்குச்சிபோல நாலு பட்டை.
சந்தேகமா, பிடுங்கிய இடத்தைத் தொடு.
முளை முளையாகச் சொரசொரக்கும்.
மற்ற இரண்டிலும்
அம்மை குத்திய தழும்புபோல வட்டமாக ஆறியிருக்கும்.
அடியில் இரண்டு வெள்ளைக் கோடு பார்த்தேன்,
நார்ட்மன் என்று நாற்பது மரத்தை ஒதுக்கினேன்.
ஃப்ரேசருக்கும் கோடு உண்டு.
நாற்பதையும் திரும்ப இழுத்து வந்தோம்.
கடைசியில் மொட்டுதான் காட்டிக்கொடுத்தது:
பிசின் ஒட்டினால் ஃப்ரேசர்.

பினோத் தாப்பா சிரித்தான்.
"எங்க மலையில எல்லாத்துக்கும் சல்லான்னு ஒரே பேரு.
எது நல்லா எரியும்னு மட்டும் கேப்போம்."

விடிகாலை நாலு மணிக்கு
நானூற்றுப் பத்தாவதோ பதினொன்றோ.
ஊசி உருளவில்லை. தழும்பு வட்டமும் இல்லை, முளையும் இல்லை.
மொட்டு சீவிய பென்சில், பிசினே கிடையாது.
கசக்கினால்
ஆரஞ்சுத் தோல் மணம்.
கிளையில் சிக்கிய ஒரு காய்
செதிலுக்குச் செதில்
மூன்று நுனி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"ஃப்ரேசர்னு எழுதுடா, யாருக்குத் தெரியும்?"
எனக்குத் தெரியும்.
அது என்னவெல்லாம் இல்லை என்று வரிசையாகத் தெரியும்.
பெயரறியாததைப் பொட்டலம் கட்டிய கை இல்லை இது.
மார்க்கரால் தமிழில் எழுதினேன்:
தெரியல.
கட்டி, சுவரோரம் சாய்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கிடங்கு வாசலில் விற்பனை.
அல் கிஸைஸிலிருந்து இரண்டு பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள்,
ஆறு கட்டில் அறையில் வசூலித்த பணம்
ரப்பர் பேண்டுக்குள்.
முன்னூறுக்கு மேல் முடியாது, அதிலும் டாக்ஸி உண்டு.
சுவரோர மரத்தில் முகத்தைப் புதைத்தவள் பெயர் மாரிசெல்.
"இருநூறு," என்றான் ஷிஜு, எங்கோ பார்த்தபடி.
சீட்டைப் பிடித்துக்கொண்டு
"இதை எப்படி வாசிப்பது?" என்றாள்.

"தெரியல."

தெ-ரி-ய-ல, என்று சொல்லிப் பார்த்தாள்.
அழகான பேர் என்றாள் தோழியிடம்.
திருத்த வாயெடுத்தேன்,
ஃபோர்க்லிஃப்ட் ஹார்ன் அடித்தது.

இந்த வருஷம் சீட்டெல்லாம் பிளாஸ்டிக் உறையில்,
ஒரு எழுத்தும் அழியவில்லை. என் விரலுக்கு வேலையில்லை.
ஷிஜு ஊருக்குப் போய்விட்டான்.
மாரிசெல் வந்தாள், கூட இன்னும் நாலு பேர்,
எண்ணூறு, அறுநூறு எல்லாவற்றையும் தாண்டி
நேரே கவுண்டருக்கு:
"தெரியல இருக்கா?"

குஜ்ரன்வாலாக்காரப் புது சூப்பர்வைசர்
கணினியில் மூன்று விதமாகத் தட்டிப் பார்த்துவிட்டு
மரியாதையாகச் சொல்கிறார்:
ஸ்டாக் தீர்ந்துவிட்டது,
அடுத்த கப்பலில் வரும்.